56 லிவ்ர் தர்மம்: கொடுப்பதும் அதன் உள்நோக்கமும்

யாராவது பெரிய தொகை நன்கொடை கொடுத்ததாகச் செய்தி வந்தால் போதும், அடுத்த நிமிஷமே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "எல்லாம் விளம்பரம்" என்பது ஒரு கட்சி. "எதுக்காகக் கொடுத்தா என்ன, கொடுத்தாரா இல்லையா?" என்பது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்றாவதாக ஒருவர் வருவார். "உலகத்துல யாருமே சும்மா கொடுக்கறதில்ல சார். கொடுத்தா ஒரு சந்தோஷம் கிடைக்குதுல்ல? அதுவும் சுயநலம்தான்" என்று பஞ்சாயத்தை முடித்துவைப்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் பல வருஷம் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த மூன்றாவது ஆளின் பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது தத்துவப் புத்தகம் இல்லை, 1782இல் பாரிஸில் வெளிவந்த ஒரு நாவல். சொல்லப்போனால் அதில் வருகிற ஒரு மகா மோசமான ஆள் செய்த ஒரு நல்ல காரியம். அந்த ஓட்டை ஏன் முக்கியம் என்று புரிய, முதலில் நம் வீட்டு அடுக்களையிலிருந்து ஆரம்பிப்போம்.

பக்கத்து வீட்டு டப்பா

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை வருகிறது. டப்பாவைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? எங்கள் வீட்டில் மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த டப்பா இரண்டு வீட்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காக அலையும். கடைசியில் அது யார் வீட்டு டப்பா என்பதே மறந்துபோகும்.

மொய் நோட்டு இன்னும் வெளிப்படையானது. பெயர், ஊர், தொகை எல்லாம் பதிவாகிவிடுகிறது. அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைக்கிறோம். பிரான்ஸைச் சேர்ந்த மார்செல் மோஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1925இல் இதைப் பற்றி ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். பரிசு என்பது தனி ஒரு செயல் இல்லை. கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகள் சேர்ந்தது என்பது அவர் கண்டது.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் இது ஈகையா? வள்ளுவர் இல்லை என்கிறார். "வறியார்க்கொன்று ஈவதே ஈகை", மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது. குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்துக் கொடுத்து, பின்னால் அதே அளவு திரும்ப வாங்குவது. சுருக்கமாக, கைமாற்று. திருப்பித் தர வழியில்லாதவருக்குக் கொடுத்தால்தான் ஈகை.

இதோடு கணக்கு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். தீரவில்லை. வாங்குகிறவரால் திருப்பித் தர முடியாவிட்டாலும், பலன் வேறு திசையிலிருந்து வரலாமே? புறநானூற்றில் முடமோசியார், ஆய் என்ற வள்ளலைப் புகழும்போது இதைத்தான் தொடுகிறார். இங்கே செய்தால் அங்கே, மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் "அறவிலை வணிகன் ஆய் அலன்" என்கிறார். அறத்தை விலையாகக் கொடுத்து வேறொன்றை வாங்கும் வியாபாரம்தான் அறவிலை வணிகம். சரக்கு ஒருவருக்குப் போகிறது, விலை இன்னொருவரிடமிருந்து வருகிறது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் நாயகன் இந்த வியாபாரத்தில் கைதேர்ந்தவன்.

ஆட்கள்

நாவலின் பெயரைத் தமிழில் 'ஆபத்தான உறவுகள்' எனலாம். எழுதியவர் லாக்லோ, பீரங்கிப் படை அதிகாரி. கதை முழுவதும் கடிதங்கள்தான், மொத்தம் 175. நடுவில் கதைசொல்லி வந்து யார் நல்லவர், யார் கெட்டவர் என்று சொல்வதில்லை. ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்; ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வேலை.

வால்மோன் ஒரு பிரபு. பெண்களை மயக்கி, பிறகு கைவிடுவதைப் புகழாக நினைப்பவன். இப்போது அவன் கண் விழுந்திருப்பது தூர்வெல் என்ற 22 வயதுப் பெண் மேல். ஒரு நீதிபதியின் மனைவி, பக்தியும் ஒழுக்கமும் உள்ளவள் என்று பெயரெடுத்தவள். கணவர் வழக்கு விஷயமாக வெளியூர் போயிருக்க, வால்மோனின் அத்தை ரோஸ்மோந்த் அம்மாளின் கிராமத்து மாளிகையில் தங்கியிருக்கிறாள். அவனும் அங்கேதான் இருக்கிறான். அவன் தன் திட்டங்களை எல்லாம் ஒளிக்காமல் எழுதுவது, பழைய காதலியும் கூட்டாளியுமான மெர்த்தேய் சீமாட்டிக்கு.

கதை எங்கே போய் முடிகிறது என்று சொல்லப்போவதில்லை. நமக்கு வேண்டியது 21, 22, 23 என்று அடுத்தடுத்து வருகிற மூன்று கடிதங்களும், கொஞ்சம் தள்ளி வரும் 32ஆம் கடிதமும்தான்.

வேட்டைக்குப் போன காலை

வால்மோன் காலையில் வெளியே போய் என்ன செய்கிறான் என்று பார்த்துவர, தூர்வெல் தன் வேலைக்காரன் ஒருவனை ஏவிவிடுகிறாள். இது வால்மோனுக்குத் தெரிந்துவிடுகிறது. சாதாரண ஆளாக இருந்தால் கோபம் வரும். இவனுக்கோ யோசனை வருகிறது: வேவு பார்க்கிறவன் ஓசியில் கிடைத்த சாட்சி அல்லவா?

தன் நம்பிக்கையான ஆளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உதவி தேவைப்படுகிற ஏழை யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறான். 'தாய்' (taille) என்ற அரசு வரியைக் கட்ட முடியாத ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களை மறுநாள் காலை ஜப்தி செய்யப்போகிறார்கள் என்று தகவல் வருகிறது. வால்மோன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்கிறான். அந்த வீட்டில், பார்த்தால் சந்தேகம் கிளப்பும் வயதிலோ அழகிலோ பெண் யாரும் இருக்கக் கூடாது! இருந்தால் ஊர் தப்பாகப் பேசும், தர்மம் வீணாகும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, நாளைக்கு வேட்டைக்குப் போகிறேன் என்று அறிவிக்கிறான். தூர்வெல் தடுக்கப் பார்க்கிறாள். வெயில் கொளுத்தும், உடம்புக்கு ஆகாது, ஒன்றும் கிடைக்காது என்கிறாள். ஆள் ஏவிய குற்ற உணர்வு அவளை உறுத்துகிறது என்று இவனுக்குப் புரிகிறது, உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறான்.

காலையில் மாளிகையைத் தாண்டி ஐம்பது அடி வைப்பதற்குள் ஒற்றன் பின்னால் வருவது தெரிந்துவிடுகிறது. வால்மோன் வேண்டுமென்றே வயல்களுக்குக் குறுக்கே நடக்கிறான். பாதையை விட்டு விலகத் துணியாத அந்த ஆள் மூன்று மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அவனை இப்படி ஓடவிட்டதில் இவனுக்கே வியர்த்துப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்கிறான். ஒற்றன் இருபது அடிகூடத் தள்ளியில்லாத ஒரு புதருக்குப் பின்னால் பதுங்கி உட்கார்கிறான். ஒரு சிறு ரவை சுட்டுப் பாடம் புகட்டலாமா என்று வால்மோனுக்குக் கை துறுதுறுக்கிறது. சாட்சி போய்விடுமே என்ற நினைப்புதான் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது.

கிராமத்தில் ஒரே கூட்டம். என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசாரிக்கிறான். வரி வசூலிப்பவரைக் கூப்பிட்டு 56 லிவ்ரைக் கட்டிவிடுகிறான். லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சுப் பணம். அன்றைய கிராமத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் சுமார் ஒரு லிவ்ர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதக் கூலி. வேட்டைக்குப் போகும் பிரபுவின் பையில் அது ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பணத்துக்காகத்தான் ஐந்து பேரை வெறும் வைக்கோலில் படுக்கவிட இருந்தார்கள்.

குடும்பத்துக் கிழவரின் கண்ணில் தாரை தாரையாக நீர். இளையவர் ஒருவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கையைப் பிடித்து அழைத்துவந்து, "கடவுளின் உருவமான இவர் காலில் எல்லாரும் விழுவோம்" என்கிறார். ஐந்து பேரும் மண்டியிடுகிறார்கள்.

அப்புறம் நடப்பதுதான் இந்த நாவலின் கெட்டிக்காரத்தனம். வால்மோனுக்கே கண் கலங்கிவிடுகிறது. தன்னை மீறி உள்ளே ஏதோ ஒன்று அசைந்ததாகவும், அது இனிமையாக இருந்ததாகவும், நல்லது செய்வதில் இவ்வளவு சுகமா என்று அசந்துபோனதாகவும் மெர்த்தேய்க்கு எழுதுகிறான். உடனே ஒரு தத்துவமும் உதிர்க்கிறான்: இவ்வளவு சுகம் கிடைக்கும் என்றால், நல்லவர்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்கு அப்படியொன்றும் பெரிய பெருமை சேராது போலிருக்கிறதே!

நம்முடைய மூன்றாவது ஆளின் குரல் கேட்கிறதா?

ஒளித்துச் செய்வதன் லாபம்

அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், வியாபாரம் எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம். மேடை போட்டு, போட்டோ எடுத்துச் செய்கிற தர்மத்தைப் பார்க்கிறவர்கள் உடனே கழித்துப் பார்ப்பார்கள். கொடுத்தவர் என்ன எதிர்பார்த்தார் என்பது கண்ணெதிரே தெரிகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த தர்மம் தற்செயலாகத் தெரியவந்தால் கழிவே கிடையாது, முழு மதிப்பெண். வால்மோன் வாங்குவது அந்த முழு மதிப்பெண்ணை. அவனுடைய ரகசியம்தான் அவனுடைய பேனர்.

22ஆம் கடிதத்தில் தூர்வெல் இதைத் தன் தோழி வொலாஞ்ஜ் அம்மாளுக்கு உருகி உருகி எழுதுகிறாள். தன் வேலைக்காரன் எதேச்சையாக அந்தப் பக்கம் போனான் என்று ஒரு சின்னப் பொய்யோடு ஆரம்பிக்கிறாள். அந்த வேலைக்காரன் இன்னொரு தகவலும் கொண்டுவந்திருக்கிறான். வால்மோனின் ஆள் போலத் தெரிந்த ஒருவன் முதல் நாளே ஊரில் வந்து, உதவி தேவைப்படுகிறவர்கள் யார் என்று விசாரித்துவிட்டுப் போனானாம். துப்பறியும் கதையாக இருந்தால் இங்கேயே குட்டு உடைந்திருக்கும். தூர்வெல் என்ன செய்கிறாள்? அப்படியானால் இது வழியில் பார்த்துப் பிறந்த இரக்கம் இல்லை, நல்லது செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே போட்ட திட்டம் என்று நெகிழ்கிறாள். திட்டம் என்றவரைக்கும் சரி.

அவள் முட்டாள் இல்லை. அவனை நல்லவன் என்று நம்புவதற்கு அவளுக்கே ஒரு காரணம் தேவைப்படுகிறது. கொடுக்கிறவரின் உள்நோக்கத்தைத் தோண்டுகிற நாம், அதைப் பார்த்து உருகுகிறவரின் உள்நோக்கத்தைக் கேட்பதே இல்லை.

23ஆம் கடிதத்தில் இன்னும் ஒரு படி. வீடு திரும்பிய வால்மோனைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். தனிமை கிடைத்ததும் தூர்வெல்லிடம், என் உண்மையான காரணம் தெரிந்தால் நீங்கள் பாராட்டியதற்கு மதிப்பே இருக்காது, உங்களுக்குப் பிடித்தவனாக வேண்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்லிவிடுகிறான். அத்தனையும் உண்மை! கேட்கிறவளுக்கு அது அடக்கமாகவும் காதலாகவும் தெரிகிறது. உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் போய்விட்டேன் பார்த்தாயா என்று மெர்த்தேயிடம் பெருமை வேறு. உள்நோக்கத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் நேர்மை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கலாம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: டப்பா கணக்கில் பலன் வாங்கியவரிடமிருந்து வருகிறது. அறவிலை வணிகத்தில் வேறொருவரிடமிருந்து வருகிறது. பார்க்கிறவர் அதைத் தற்செயல் என்று நம்பினால் விலை பல மடங்கு ஏறுகிறது.

கலங்கிய கண்

இப்போது அந்தக் கண்ணீருக்கு வருவோம். மனிதன் செய்யும் எந்தக் காரியத்துக்கும் கடைசிக் குறி தன் நலம்தான் என்ற கொள்கைக்குத் தன்னலவாதம் என்று பெயர். பிரான்ஸில் இதற்கு நல்ல பாரம்பரியம் உண்டு. நாவலுக்கு நூறு வருஷம் முன்பே லா ரோஷ்ஃபூகோ என்ற பிரபு, தாராளம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொடுக்கிறோம் என்ற பெருமிதம்தான், கொடுக்கும் பொருளைவிட அந்தப் பெருமிதத்தை அதிகம் நேசிக்கிறோம் என்று எழுதினார். "பெரும்பாலும்" என்று அவர் ஜாக்கிரதையாகப் போட்டதை, அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

தன்னலவாதத்தின் முக்கிய ஆயுதம், கொடுத்தால் வரும் சந்தோஷம். வள்ளுவர் அதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்: "ஈத்துவக்கும் இன்பம்". அதை அறியாதவர்கள்தான் பொருளைச் சேர்த்துவைத்து இழக்கிறார்கள் என்கிறார். ஆகவே இன்பம் உண்டு என்பதில் சண்டை இல்லை. அந்த இன்பத்துக்காகத்தான் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

மதுரைக்கு பஸ்ஸில் போகிறீர்கள். ஜன்னலோர சீட்டு, காற்று ஜில்லென்று முகத்தில் அடிக்கிறது. காற்று வாங்கவா பஸ் ஏறினீர்கள்? இல்லை, மதுரையில் வேலை இருந்தது. போக நினைத்த இடம் நோக்கம். போகிற வழியில் தானாக வந்து சேர்வது உடன்விளைவு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் நான் சொன்ன ஓட்டை.

வால்மோன் தன் வாதத்துக்குத் தானே எதிர்ச்சாட்சி. அவன் சுகம் தேடி அந்த ஊருக்குப் போகவில்லை. தூர்வெல்லை மடக்கத்தான் போனான். சுகம் எதிர்பாராமல் வந்தது, அசந்தேன் என்று அவனே எழுதுகிறான். தேடாதவனுக்கும் அது வரும் என்றால், அது வந்ததை வைத்து மட்டும், நீ இதைத் தேடித்தான் வந்தாய் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதை 1726இலேயே ஜோசஃப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பிரசங்கத் தொகுப்பில் விளக்கிவிட்டார். நம் வழியில் சொன்னால்: தெருவில் முன்பின் தெரியாத பையன் பிளஸ் டூ பாஸானால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. தங்கை மகன் பாஸானால் குதிக்கிறோம். ஏன்? அவன் மேல் அக்கறை முதலிலேயே இருக்கிறது. அக்கறை முன்னால், சந்தோஷம் பின்னால். அடுத்தவர் பிழைத்ததைப் பார்த்து ஒருவருக்கு மனம் நிறைகிறது என்றால், அடுத்தவர் மேல் ஏதோ ஒரு அக்கறை அங்கே இருந்திருக்க வேண்டும். சுயநலத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்த சந்தோஷம் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

இதற்காக எல்லாக் கொடையும் சுத்தத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் பிரபலம். ஒரு அநாதை இல்லத்துக்கு அரசு கூடுதலாகப் பணம் ஒதுக்கினால், அங்குள்ள குழந்தைகளின் நலன் ஒன்றையே நினைப்பவர் தன் நன்கொடையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்; குழந்தைகளுக்குக் கிடைப்பது குறையாதே. நிஜத்தில் மனிதர்கள் அப்படி முழுசாகக் குறைப்பதில்லை. 'நான் கொடுத்தேன்' என்ற இளஞ்சூடும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பது அவர் விளக்கம். கவனியுங்கள், அக்கறை பூஜ்யம் என்று அவர் சொல்லவில்லை. கலப்பு என்கிறார். நம்முடைய விவாதங்களில் கலப்பு என்ற சொல்லுக்கே இடம் இருப்பதில்லை, ஒன்று புனிதர், இல்லையென்றால் போலி.

பத்து லூயி

வால்மோனுக்கு அந்தக் கண்ணீர் சங்கடமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்து என்ன செய்கிறான் பாருங்கள். இந்த ஏழைகள் எனக்குக் கொடுத்த சுகத்துக்கு விலை கொடுப்பதுதான் நியாயம் என்று சொல்லி, கையிலிருந்த பத்து லூயியை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். ஒரு லூயி 24 லிவ்ர். ஆக 240 லிவ்ர், முதலில் கட்டிய வரியைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

அவன் திட்டத்துக்கு இந்தப் பணம் தேவையே இல்லை. சாட்சி பார்த்தாகிவிட்டது, வேலை முடிந்தது. நாவல் முழுவதிலும் அவன் கணக்குப் பார்க்காமல் செய்த காரியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அதைக்கூட அவன் பில் செட்டில் செய்வதாகத்தான் எழுதுகிறான். இரக்கப்பட்டேன் என்று மெர்த்தேய் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கம். நல்ல நோக்கத்தையும் ஒளித்துவைக்கிற மனிதர்கள் உண்டு. உள்நோக்கம் என்றாலே கெட்டதாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

நன்றி சொன்னார்கள், ஆனால் முதல் தடவை இருந்த உருக்கம் இல்லை என்றும் குறித்துக்கொள்கிறான். 56 லிவ்ர் கழுத்திலிருந்த கத்தியை எடுத்தது, 240 லிவ்ர் வெறும் அதிர்ஷ்டம். கொடுக்கிறவரின் கணக்கும் வாங்குகிறவரின் கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்படுவதில்லை.

வொலாஞ்ஜ் அம்மாளின் பதில்

தூர்வெல்லின் கடிதம் போன இடத்தில் ஒரு அனுபவசாலி இருக்கிறார். 32ஆம் கடிதத்தில் வொலாஞ்ஜ் அம்மாள், இந்த ஒரே ஒரு சம்பவத்தை வைத்து அவனை நல்லவன் என்று என்னால் நம்ப முடியாது என்கிறார். ஊரறிந்த நல்லவர் ஒரு தப்பு செய்தார் என்று கேட்டால் உடனே அவரைக் கெட்டவர் என்று முடிவுகட்டுவோமா, அதே மாதிரிதான் இதுவும் என்பது அவர் கேள்வி. காரியம் நல்லதா என்பது வேறு, ஆள் நல்லவரா என்பது வேறு. முதலாவதுக்கு ஒரு நாள் போதும், இரண்டாவதுக்கு வருஷங்கள் வேண்டும். செய்திக்குக் கீழே சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலைத் தேடுகிறார்கள்.

வைக்கோல்

வரியைப் பற்றி ஒன்று. தாய் என்பது அன்றைய பிரான்ஸில் மன்னருக்குக் கட்ட வேண்டிய நேரடி வரி. பிரபுக்களுக்கு அதிலிருந்து விலக்கு, சுமை எல்லாம் கிராமத்து எளியவர்கள் தலையில். வால்மோன் தன் வாழ்நாளில் கட்ட வேண்டியிராத வரியை அன்று ஒரே ஒரு முறை, வேறொருவருக்காகக் கட்டுகிறான். அதற்கு அவனைக் கடவுளின் உருவம் என்கிறார்கள். அந்த வரி ஏன் அந்த வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று கடிதங்களில் ஒருவரும் கேட்பதில்லை. லாக்லோ அதை அப்படியே விட்டுவிட்டு நகர்கிறார். ஏழு வருஷத்தில் புரட்சி வந்தது.

ஆனாலும் அந்த ஐந்து பேருக்கு அன்று வீட்டுச் சாமான் மிஞ்சியது. வால்மோனின் நோக்கம் எவ்வளவு அழுகலாக இருந்தாலும் அவர்கள் படுக்கை படுக்கைதான். தூர்வெல் ரோஸ்மோந்த் அம்மாளோடு போய் மேலும் உதவ முடிவு செய்ததும் அவர்களுக்கு நல்லதுதான்.

கடிதத்தை முடிக்கும்போது வால்மோன், சொல்ல மறந்துவிட்டேன் என்று ஒன்றைச் சேர்க்கிறான். எதையும் வீணாக்கக் கூடாது என்பதால், என் திட்டங்கள் வெற்றி பெறக் கடவுளை வேண்டிக்கொள்ளும்படி அந்த நல்ல மனிதர்களைக் கேட்டுக்கொண்டேன் என்கிறான். அந்த வேண்டுதலில் கொஞ்சம் பலித்தே விட்டது என்றும் சொல்ல ஆரம்பிக்கிறான். அதற்குள் சாப்பாடு தயார் என்று அழைப்பு வருகிறது, கடிதத்தை மூடிவிடுகிறான். கிராமத்தில் அன்றிரவு, பறிபோகாத கட்டில்களுக்குப் பக்கத்தில் ஐந்து பேர் மண்டியிட்டு, அந்த மகராசன் நினைத்த காரியம் கைகூட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருப்பார்கள்.